பூங்காவும் குழந்தை வண்டியும்

கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு பூங்காவுக்குச் செல்வது தமிழகத்தில் அண்மைக் காலத்தில் பரவிய வழக்கம். பொதுப்பூங்கா 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னைக்கு வந்தது. குழந்தை வண்டியும் ஏறத்தாழ அதே காலத்தில் ஆங்கிலேயர் வீடுகளோடு வந்தது. ஆனால் இரண்டும் தமிழ்க் குடும்பத்தின் மாலைப்பொழுதில் ஒன்றுசேர நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வண்டியின் விலை இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் மட்டுமே. பூங்கா யாருக்காக அமைக்கப்பட்டது, வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது, அதன் வாயில் எப்படிப்பட்டது என்பவை அதைவிட முக்கியமான காரணங்கள்.

சிறுதேர், நடைவண்டி, தூளி

குழந்தையையும் சக்கரத்தையும் சேர்த்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதல்ல. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இரண்டு பத்துப்பாட்டு நூல்களிலும் குழந்தைகளின் விளையாட்டுத் தேர் வருகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வர் வீட்டு முற்றத்தில் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரைப் பிள்ளைகள் உருட்டுகிறார்கள். நெல்லைக் கொத்த வந்த கோழியை விரட்ட எறியப்பட்ட காதணி அந்தத் தேருக்குத் தடையாகக் கிடக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படையில் உழவர் குடியிருப்பின் குழந்தைகள் தேர் உருட்டுகிறார்கள். அது தச்சர் செய்து தந்தது, ஏறிச் செல்ல முடியாதது. உருட்டிக் களைத்த பிள்ளைகள் செவிலியிடம் பால் குடித்துவிட்டு உறங்குகிறார்கள். பிற்காலத்தில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஒன்றாகச் சிறுதேர் உருட்டல் நிலைபெற்றது.

இவை எல்லாவற்றிலும் குழந்தைதான் வண்டியை உருட்டுகிறது. கோயில் திருவிழாக் கடைகளில் இன்றும் விற்கப்படும் மர நடைவண்டியும் அப்படியே. மூன்று சக்கரத்தின் மேல் நிற்கும் கட்டையைப் பிடித்துக்கொண்டு குழந்தை அதைத் தள்ளி நடை பழகுகிறது. குழந்தை உட்கார்ந்திருக்கப் பெரியவர் தள்ளும் வண்டி மரபில் இல்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. வெளியே போகும்போது குழந்தை தாயின் இடுப்பிலோ பாட்டியின் தோளிலோ இருந்தது. தாய் வயலுக்குப் போனால் வரப்போர மரக்கிளையில் சேலைத் தூளி கட்டப்பட்டது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் தறி வீட்டுக்குள்ளேயே இருந்ததால் தூளியும் தறிக்கு அருகிலேயே தொங்கியது. தார் சுற்றும் கை ஓய்ந்த நேரத்தில் தூளியை ஆட்டிவிடும்.

அந்தத் தெருக்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. பட்டுப் பாவை நீட்டிச் சரிசெய்ய நீளமான, நேரான, தடையற்ற இடம் வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் பாவு தெருவிலேயே விரிக்கப்பட்டது. தொழிலுக்காகத் தெளிவாக வைக்கப்பட்ட தெருவே பிறகு குழந்தைகள் ஓடும் இடமாகவும் ஆனது. திண்ணையில் இருந்த பெரியவர்களின் கண் அவர்கள் மேல் இருந்தது. இப்படிப்பட்ட தெருவில் வாழ்ந்தவர்களுக்குத் தனியாகப் பூங்கா என்ற ஒன்றின் குறை தெரிந்திருக்காது. இருசக்கர வாகனங்கள் தெருவை நிறைத்த பிறகே அந்தக் குறை தெரிய ஆரம்பித்தது.

நந்தவனமும் சோலையும்

'பூங்கா' என்பது பூவும் காவும் சேர்ந்த பழைய சொல். கா என்றால் சோலை. ஆனால் பழைய காவுகள் இன்றைய பொருளில் பொதுப்பூங்காக்கள் அல்ல. அரசரின் இளமரக்கா அரசருக்குரியது. கோயில் நந்தவனம் இறைவனுக்குரியது. நந்தவனத்துக்கும் அதைப் பேணுவோருக்கும் நிலம் விடப்பட்டதைச் சொல்லும் கல்வெட்டுகள் தமிழகம் முழுவதும் உள்ளன. அங்கே மலர்ந்த பூ சாமிக்குப் போக வேண்டியது. குழந்தை பறித்து விளையாடுவதற்கல்ல.

பொதுமக்கள் குழந்தைகளோடு காற்று வாங்கிய இடம் கோயில் பிரகாரமும் குளக்கரையும்தான். ஏகாம்பரநாதர் கோயிலின் அகன்ற வெளிப்பிரகாரமும், வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளக்கரையும் காஞ்சிபுரத்துக் குழந்தைகள் பல தலைமுறைகளாக நடை பழகிய இடங்கள். நடக்கும் குழந்தைக்கு அவை நல்ல இடங்கள். சக்கரத்துக்கு அப்படியல்ல. கோபுர வாயிலின் உயர்ந்த நிலைப்படி எந்த வண்டியையும் தூக்கித்தான் தாண்ட வைக்கும்.

வண்டியின் வருகை

ஐரோப்பியக் குழந்தை வண்டியின் வரலாறு வழக்கமாக 1733இல் தொடங்கப்படுகிறது. இங்கிலாந்தின் தோட்டக்கலை வடிவமைப்பாளர் வில்லியம் கென்ட் டெவன்ஷயர் கோமகனின் பிள்ளைகளுக்காகச் சிப்பி வடிவில் ஒரு வண்டி செய்தார். அதைச் சிறிய விலங்கு இழுத்தது. தோட்டம் வடிவமைத்தவரே குழந்தை வண்டியையும் வடிவமைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. வழவழப்பான தோட்டப் பாதை இல்லாவிட்டால் அந்த வண்டிக்குப் பயனில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கையால் தள்ளும் வண்டி லண்டனில் பரவியது. லண்டனின் பொதுப்பூங்காக்களில் குழந்தை வண்டியும் அதைத் தள்ளும் செவிலியும் அன்றாடக் காட்சியானார்கள்.

சென்னையில் அந்த வண்டியைத் தள்ளியவர்கள் ஆயாக்கள். ஆங்கிலேயக் குடும்பங்களில் வேலை பார்த்த இவர்களில் தமிழ்ப் பெண்கள் பலர். குழந்தை வண்டியைத் தள்ளிய முதல் தமிழர்கள் இவர்களே எனலாம். தள்ளியது பிறர் குழந்தையை. சிலர் குடும்பத்தோடு கப்பலேறி இங்கிலாந்து வரை சென்றார்கள். திரும்பிவர வழியின்றி நின்ற ஆயாக்களுக்காக லண்டனில் தனி விடுதியே இயங்கியது.

மக்கள் பூங்கா

சென்னை ஆளுநராக 1859இல் வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் மத்திய ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில் மக்கள் பூங்காவை உருவாக்கினார். ஆங்கிலத்தில் 'பீப்பிள்ஸ் பார்க்' எனப்பட்ட இது 116 ஏக்கர் பரப்புடையது. குளங்கள், வண்டிப் பாதைகள், இசை மேடை ஆகியவை அதில் இருந்தன. அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபர் 1855இல் தொடங்கிய விலங்குக் காட்சி 1860களில் இங்கே மாற்றப்பட்டது. டிரெவெல்யன் வருமான வரியை வெளிப்படையாக எதிர்த்ததற்காக 1860இல் திருப்பி அழைக்கப்பட்டார்; பூங்கா நின்றது. கூட்டம் நெருங்கிய கருப்பர் நகர மக்களுக்கு நல்ல காற்று வேண்டும் என்ற அன்றைய நலவாழ்வுக் கருத்து அதன் பின்னால் இருந்தது.

மக்கள் பூங்காவின் பிற்கால வரலாறு பெரும்பாலும் நிலம் பறிபோன வரலாறு. விக்டோரியா பொதுக்கூடம் 1880களில் எழுந்தது. மூர் மார்க்கெட் 1900இல் திறக்கப்பட்டது. மாநகராட்சியின் ரிப்பன் கட்டடம் 1913இல் வந்தது. பின்னர் விளையாட்டரங்கம் வந்தது. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையக் கட்டடம் வந்தது. அதே ஆண்டு உயிரியல் பூங்கா வண்டலூரில் திறக்கப்பட்டது. 'மை லேடீஸ் பூங்கா' என்ற துண்டு பழைய பரப்பை நினைவூட்டிக்கொண்டு மிஞ்சியது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதன் காலத்தில் நல்ல காரணம் இருந்தது என்பது உண்மையே. ஆனால் பூங்காவுக்கு ஆதரவாகப் பேசத் தனி நலம் உடைய எவரும் இல்லை என்பதும் அதில் தெரிகிறது. குழந்தைகள் மனுக் கொடுப்பதில்லை.

ஆங்கிலேயச் சமூகம் மாலைக் காற்றுக்கு அதிகம் நாடியது கடற்கரையை. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் மெரினா நடைபாதையை அமைத்தார். சமதளமான நீண்ட பாதை, ஒரு பக்கம் கடல் என்ற அந்த அமைப்பு சக்கரத்துக்கு ஏற்றது. பாதையை விட்டு மணலில் இறங்கினால் வண்டி நின்றுவிடும். அந்தச் சிக்கலுக்கு அடுத்த நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் தீர்வு தேடவில்லை.

கெடிஸின் பார்வை

பூங்காவைக் குழந்தையின் கண்ணால் பார்த்த முதல் திட்டமிடலாளர் என்று சொல்லத்தக்கவர் பேட்ரிக் கெடிஸ் (1854–1932). ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியல் அறிஞரான இவர் நகரமைப்பியலின் முன்னோடிகளில் ஒருவர். சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914இல் இந்தியா வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சியின் படங்களையும் வரைபடங்களையும் ஏற்றிவந்த 'கிளான் கிராண்ட்' கப்பலை எம்டன் மூழ்கடித்தது. 1914 செப்டம்பரில் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு வீசிய அதே ஜெர்மானியக் கப்பல்தான். கெடிஸ் நண்பர்களின் உதவியால் புதிதாகப் படங்கள் திரட்டி 1915 சனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார்.

1914–15இல் சென்னை மாகாணத்தின் பல ஊர்களைப் பார்த்து அவர் அறிக்கைகள் எழுதினார். காஞ்சிபுரம் அவரைக் கவர்ந்த ஊர்களில் ஒன்று. கோயிலை மையமாகக் கொண்டு அகன்ற வீதிகளும் குளங்களும் தோப்புகளும் ஒழுங்காக விரிந்த ஊரை ஐரோப்பிய நகரமைப்பாளர்கள் கற்க வேண்டிய ஒன்றாகவே அவர் பார்த்தார்.

அன்றைய நகராட்சிகளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: நெருக்கமான தெருக்களை இடித்து நடுவே அகலச் சாலை போடுவது. கெடிஸ் இதைக் கடுமையாக எதிர்த்தார். பாழடைந்த ஓரிரு வீடுகளை மட்டும் அகற்றி, அந்த இடத்தைச் சிறு திறந்தவெளியாக்கி, மரம் நட்டு, கிணற்றையும் கோயிலையும் காப்பாற்றினால் போதும் என்றார். 'பாதுகாக்கும் அறுவை' என்று இந்த முறைக்குப் பெயர் வந்தது. நிழலும் உட்காரத் திண்ணையும் உள்ள அத்தகைய சிறு வெளிகளே பெண்களும் குழந்தைகளும் அன்றாடம் வரக்கூடியவை. நகரின் ஓரத்தில் நூறு ஏக்கர் இருப்பதைவிடத் தெருக்கோடியில் பத்து சென்ட் இருப்பது கைக்குழந்தைக்காரிக்குப் பயன் தரும். பாலுக்கும் தூக்கத்துக்கும் இடையே கிடைப்பது ஒரு மணி நேரம். போக வர அதில் பாதி கழியுமென்றால் அவள் போகமாட்டாள். கெடிஸின் அறிக்கைகள் பெரும்பாலும் கோப்புகளிலேயே தங்கிப்போனது தமிழக நகரங்களின் இழப்பு.

பனகல் பூங்கா

நகரமைப்புச் சிந்தனை முற்றிலும் வீணாகவில்லை. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. நீதிக்கட்சி ஆட்சியில் வறண்ட நீண்ட ஏரியின் பரப்பில் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. நடுவே பூங்கா, அதிலிருந்து பிரியும் சாலைகள், சாலைகளுக்கு இடையே வீட்டுமனைகள் என்பது அதன் வரைபடம். நடுப்பூங்காவுக்கு அன்றைய முதலமைச்சர் பனகல் அரசரின் பெயர் அமைந்தது. மயிலாப்பூர் லஸ் பகுதியில் அமிர்தாஞ்சன் நிறுவனர் காசிநாதுனி நாகேசுவரராவின் பெயரில் அமைந்த பூங்காவும் குடியிருப்புக்கு நடுவே நடந்து வரக்கூடிய தூரத்தில் உள்ளது. இவ்விரு பூங்காக்களும் இன்றுவரை தாத்தா பாட்டிகளும் பேரக்குழந்தைகளும் வருமிடங்களாக நீடிப்பதற்கு அந்த இருப்பிடமே காரணம்.

பனகல் பூங்காவுக்கு வந்த சோதனை வேறு. வீடுகள் கடைகளாயின. பட்டு வாங்க வருவோரின் கூட்டமும் வாகனங்களும் பூங்காவைத் தீவாக்கின. பூங்கா அங்கேயே இருந்தது. அதற்குள் குழந்தையோடு போய்ச் சேர்வது சாகசமானது. 2019 நவம்பரில் பாண்டி பஜார் சாலையில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டபோது பூங்காவின் ஒரு பக்கத்திலிருந்து தடையின்றிச் சக்கரம் உருளும் பாதை முதன்முறையாகக் கிடைத்தது. பிறகு மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிக்காகப் பூங்காவின் ஒரு பகுதி அடைக்கப்பட்டது.

மேடையான பூங்காக்கள்

20ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தில் பூங்கா என்றதும் பலருக்கு நினைவு வந்தது ஊஞ்சல் அல்ல, ஒலிபெருக்கி. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாதுரை திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டத்தை 1949 செப்டம்பர் 18 அன்று சென்னை ராபின்சன் பூங்காவில் மழைக்கிடையே நடத்தினார். சிந்தாதிரிப்பேட்டையின் நேப்பியர் பூங்கா தொழிலாளர் நினைவாக மே தினப் பூங்கா ஆனது. பூங்கா அரசியல் வெளியாக இருந்ததால் தமிழகத்துக்குக் கிடைத்தது அதிகம். அங்கே கூடியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குழந்தைகளுக்கென்றே அறியப்பட்ட இடம் கிண்டி சிறுவர் பூங்கா. அது ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ போய்வரும் சுற்றுலா இடமாக அமைந்தது. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இருந்த இடத்தில் 2010 நவம்பரில் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவும் கட்டணம் செலுத்தி நுழையும் காட்சிப் பூங்காவே.

பத்து விழுக்காடு நிலம்

1959இல் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் காப்பதற்கென்றே தமிழகத்தில் தனிச் சட்டம் வந்தது. அதைவிட அதிகப் பூங்காக்களைத் தந்தது மனைப்பிரிவு விதி. ஒரு குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலை போக எஞ்சிய நிலத்தில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுக்க வேண்டும். புறநகர்களிலும் மாவட்ட நகரங்களிலும் உள்ள சிறு பூங்காக்கள் பலவும் இந்த நிலத்தில் அமைந்தவை. கெடிஸ் கேட்ட தெருக்கோடித் திறந்தவெளி வேறு வழியில் இப்படி வந்து சேர்ந்தது. மனை விற்பவர் பெரும்பாலும் வீடு கட்ட உதவாத மூலையைத்தான் ஒதுக்குவார் என்பது ஊரறிந்த செய்தி.

கிராமங்களுக்கு 2016இல் அம்மா பூங்காத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 500 ஊராட்சிகளில் தலா 20 லட்சம் ரூபாயில் பூங்கா என்பது அதன் இலக்கு. முசரவாக்கம் போல 'வாக்கம்', 'பாக்கம்' என்று பெயர் முடியும் ஊர்கள் நிறைந்த காஞ்சிபுரப் பகுதியில் ஊர்க் குழந்தைக்கு அதுவரை கிடைத்த பொது வெளி ஏரிக்கரை, கோயில் வாசல், பள்ளித் திடல் ஆகியவையே. ஊராட்சியிடம் பூங்கா கட்டப் பணம் வரும். தண்ணீர் ஊற்றவும் புல் வெட்டவும் ஆள் வைக்கத் தொடர்ந்து பணம் வருவது அரிது. பராமரிப்பு இல்லாத பூங்காவில் முதலில் கெடுவது குழந்தைப் பகுதிதான். துருப்பிடித்த சறுக்குமரம், சங்கிலி அறுந்த ஊஞ்சல், முள் மண்டிய பாதை ஆகியவற்றோடு மீதிப் பூங்கா பல ஆண்டுகள் நீடிக்கும்.

சக்கரமும் வாயிலும்

இன்றைய மடக்கும் வண்டிக்குக் காரணமானவர் ஓவன் மக்ளாரென். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கும் சக்கர அமைப்பில் பணியாற்றிய இந்தப் பொறியாளர் 1965இல் குடைபோல மடங்கும் அலுமினிய வண்டியை வடிவமைத்தார். அதன் எடை சுமார் 3 கிலோ. இந்தியாவில் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பின், 1990களிலிருந்து, வெளிநாட்டு உறவினர்கள் கொண்டுவரும் பரிசாகவும் பிறகு கடைச் சரக்காகவும் இது நடுத்தரக் குடும்பங்களுக்கு வந்தது. தமிழில் அதற்கு இன்னும் ஒரே பெயர் நிலைக்கவில்லை. 'ஸ்ட்ரோலர்', 'பேபி வண்டி', 'பிராம்' என்று பலவாறு சொல்கிறார்கள். 'தள்ளுவண்டி' என்றால் காய்கறியும் சுண்டலும் விற்கும் வண்டியே முதலில் நினைவுக்கு வருகிறது.

வண்டி வந்ததும் பூங்காவின் வாயில் சிக்கலானது. மாடும் இருசக்கர வாகனமும் நுழையாதிருக்கத் தமிழகப் பூங்காக்கள் பலவற்றில் சுழல் கதவோ, வளைந்து நுழையும் குறுகிய கம்பித் தடுப்போ வைக்கப்பட்டது. ஸ்கூட்டரைத் தடுக்கும் கம்பி குழந்தை வண்டியையும் சக்கர நாற்காலியையும் அதே போலத் தடுக்கும். தாய் குழந்தையை ஒரு கையில் எடுத்து, வண்டியை மடக்கி மறு கையில் தூக்கி, தோள்பையோடு உள்ளே நுழைய வேண்டும். வீட்டிலிருந்து வாயில் வரை உள்ள நடைபாதையில் மின்மாற்றி, கடைப்பலகை, நிறுத்திய வண்டிகள், வீட்டுக்கு வீடு ஏறி இறங்கும் சரிவுகள். உள்ளே சிமெண்ட் கற்பாதை எட்டு வடிவில் சுற்றும். அதைச் சிறிய சக்கரம் தாங்கும். அரை அடி உயரப் படியைத் தாங்காது. பல பூங்காக்கள் நடுப்பகலில் பூட்டப்படுவதும் வழக்கம். பச்சிளங் குழந்தையின் நேரம் பூட்டு நேரத்தைப் பார்த்து அமைவதில்லை.

இதில் மாற்றம் கொண்டுவந்தது குழந்தை நலம் பற்றிய பேச்சு அல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைப் போராட்டம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களைத் தடையற்றவையாக்குவதைக் கடமையாக்கியது. பன்னிரண்டடி நீளத்துக்கு ஓரடி உயரம் என்ற சாய்தள அளவு சக்கர நாற்காலிக்காக வகுக்கப்பட்டது. குழந்தை வண்டி அதன் பின்னால் ஏறிக்கொண்டது. மெரினாவில் கடலருகே செல்ல மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. மணலில் சக்கரம் போகாது என்ற பழைய சிக்கலுக்கு அதுவே விடை. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்தது, பின் சீரமைக்கப்பட்டது. கைக்குழந்தையையும் தாயையும் நேரடியாக மனதில் வைத்த அரசு ஏற்பாடு ஒன்றும் உண்டு: பேருந்து நிலையங்களில் 2015 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பாலூட்டும் அறைகள். பூங்காக்களுக்கு அத்தகைய திட்டம் எதுவும் அப்போது இணைக்கப்படவில்லை.

காஞ்சிபுரத்தில்

2021இல் மாநகராட்சியான காஞ்சிபுரத்தில் மாலை வேளையில் குழந்தைகளோடு குடும்பங்கள் உட்காரும் இடங்களில் ஒன்று கைலாசநாதர் கோயிலின் முன்புறப் புல்வெளி. இது பூங்காவாக அமைக்கப்பட்டதல்ல. தொல்லியல் துறை பழஞ்சின்னத்தைச் சுற்றிப் பராமரிக்கும் வெளி. நெரிசலான ஊருக்குள் சமதளமாக, வாகனம் நுழையாமல், திறந்த வானத்தோடு கிடைக்கும் இடம் என்பதால் மக்கள் அதைத் தாங்களாகவே பூங்காவாக்கிக்கொண்டார்கள். ஏறத்தாழ கி.பி. 700ஐ ஒட்டி இராசசிம்ம பல்லவன் எடுத்த அந்தக் கோயிலில் சோமாஸ்கந்தர் புடைப்புச் சிற்பம் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. சிவனுக்கு அருகில் உமை அமர்ந்திருக்கிறாள். அவள் மடியில் குழந்தை முருகன். பல்லவச் சிற்பிகளின் கணக்கில் குழந்தைக்குரிய இடம் மடிதான்.

வண்டியோடு வருபவர்கள் அதைப் புல்வெளிப் பாதை வரை தள்ளுகிறார்கள். மதிலின் சிறிய வாயிலை அடைந்ததும் வண்டி வெளியே நிற்கிறது. குழந்தை இடுப்புக்கு ஏறுகிறது.